உதைபந்தாட்டத்தில் நிலையும் கடமையும்

2022 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் திகதி, கட்டார் நாட்டின் அல் பைத் மைதானத்திலே, உலகக் கிண்ணக் காலிறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக் குழு பிரான்சை எதிர்த்து நின்றது. இங்கிலாந்தின் பின்வரிசையில் நின்ற நால்வரை வலமிருந்து இடமாக நோக்கியோர் அவர்தம் சட்டைகளிற் கண்ட இலக்கங்கள் 2, 5, 6, 3 என்பன. மூன்று நாள் கழித்து ஆர்ஜென்ரீனா அரையிறுதியிற் குறோஷியாவை எதிர்த்தது. அக்குழுவில் 5 ஆம் இலக்கம் அணிந்தவர் பின்வரிசையிற் காணப்பட்டாரல்லர். மைதானத்தின் நடுவே நின்று பந்தை வாங்கிப் பகிர்ந்துகொண்டிருந்தார். இரண்டுக்கும் மூன்றுக்குமிடையே ஐந்தும் ஆறும் புகுந்தது எவ்வாறு? ஒரே இலக்கம் ஒரு நாட்டிற் காவலரையும் பிறிதொரு நாட்டில் நடுவாட்டக்காரரையும் குறித்தது எவ்வாறு?

இதனோடு ஒட்டிய பிறிதொரு புதிரும் உண்டு. பின்வரிசையின் நடுவே நின்று கோலைக் காப்பவரை ஆங்கிலேயர் 'சென்ரர் ஹாவ்' என்பர். யாழ்ப்பாணத்துக் கல்லூரி மைதானங்களிலும் அச்சொல்லே வழங்கிற்று. 'ஹாவ்' என்பது பாதி. பாதித் தூரம் பின்னே நிற்பவர் ஹாவ்பாக். முழுத் தூரமும் பின்னே நிற்பவர் புல்பாக். அங்ஙனமாயின், கோல் காப்பாளர் ஒருவரைத் தவிர யாவர்க்கும் பின்னே நிற்கும் ஒருவர் 'பாதி' என்னும் பெயரைச் சுமப்பதேன்? பெயர் பொருந்தவில்லை; இலக்கம் ஒழுங்கில் இல்லை. இவ்விரு பிழைகளும் ஒரே நிகழ்ச்சியின் சுவடுகள். அந்நிகழ்ச்சியை அறியின், உதைபந்தாட்டக் குழுவில் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு கைமாறியது என்பதும் புலப்படும்.

1863 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆம் திகதி இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிறுதியில் அச்சங்கம் வகுத்த சட்டங்களுள் ஆறாவது, பந்துக்கு முன்னே எதிரணிக் கோலை நோக்கி நிற்கும் எவரும் ஆட்டத்திற் பங்குகொள்ளலாகாது என விதித்தது. இச்சட்டத்தின் கீழ் முன்னே நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுத்தல் இயலாது. ஆகவே பந்தைப் பெற்றவர் அதனைக் காலோடு ஒட்டி உருட்டிக்கொண்டு தாமே ஓடினார். ஏனையோர் அவர் பின்னே திரண்டு ஓடினர். அவர் இழந்த பந்தை அடுத்தவர் பற்ற முயன்றனர். இத்தகைய ஆட்டத்தில் நிலை என ஒன்று அமைவதற்கு இடமேயில்லை. கோல் காப்பாளர் என்னும் பெயர்கூட அச்சட்டங்களில் இல்லை. 1871 இலேயே அது சட்டத்தில் ஏறியது. ஆட்டக்காரர் பதினொருவரும் ஏறக்குறைய ஒரே தொழிலைச் செய்தனர் எனலாம்.

1866 இல் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. எதிரணியினர் மூவரேனும் தமக்கும் எதிரணிக் கோல் எல்லைக்குமிடையே இருப்பின், முன்னே நிற்பவர் பந்தைப் பெறலாம் என்றாயிற்று. வாயில் திறக்கப்பட்டதேயன்றி அதன்வழி எவரும் உடனே புகவில்லை. ஆங்கிலேயக் கனவான்கள் தனியே பந்தை உருட்டிச் செல்லுதலையே ஆண்மை எனக் கருதிவந்தனர். 1872 நவம்பர் 30 இல் கிளாஸ்கோ நகரின் பார்ட்டிக் பகுதியிலுள்ள கிறிக்கெற் மைதானமொன்றில் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் முதலாவது நாடளாவிய ஆட்டத்தில் எதிர்ந்தபோது, ஸ்கொத்லாந்துக் குழுவினர் அனைவரும் குவீன்ஸ் பார்க் என்னும் ஒரே கழகத்தைச் சேர்ந்தவராயிருந்தனர். உடற்கனத்தில் அவர்கள் ஆங்கிலேயர்க்கு ஒவ்வாதவர்; ஆயினும் பலகாலம் கூடி ஆடிய பழக்கம் உடையவர். மோதிப் பயனில்லை எனக் கண்டு பந்தை ஒருவர்க்கொருவர் கொடுத்து ஆடினர். ஆட்டம் கோலின்றி முடிந்தது. வெற்றி எவர்க்கும் இல்லாத அவ்வாட்டமே பின்னர் நிகழ்ந்தவை யாவற்றுக்கும் தோற்றுவாய். ஏனெனில், பந்து கைமாறும் ஆட்டத்தில், பந்து வந்துசேரும் இடத்தில் ஒருவர் முன்னரே நிற்றல் வேண்டும். எங்கே நிற்பது என்னும் வினா அப்பொழுதே பிறந்தது.

அவ்வினாவுக்கு 1880 களிற் கிடைத்த விடை நெடுங்காலம் நிலைத்தது. முன்னணியிலிருந்து ஒருவர் பின்னிழுக்கப்பட்டு இடைவரிசையின் நடுவே நிறுத்தப்பட்டார். பின்னே இருவர், இடையே மூவர், முன்னே ஐவர் என்னும் இவ்வமைப்பைக் கோபுர அமைப்பு என்பர். கோல் காப்பாளரைச் சிகரமாகக் கொண்டு நோக்கின் அது தலைகீழாய்க் கவிழ்த்த கோபுரம் போலத் தோன்றாது, நேராகவே தோன்றும். 1888–89 இல், முதலாவது லீக் பருவத்தின் 22 ஆட்டங்களுள் ஒன்றிலேனும் தோலாது, கிண்ணப் போட்டியில் ஒரு கோலேனும் கொடாது இரண்டையும் வென்ற பிறெஸ்ரன் நோத் எண்ட் கழகம் இவ்வமைப்பிற்குப் பெரும் புகழ் தேடித்தந்தது.

இவ்வமைப்பிற் கடமைகள் பகுக்கப்பட்ட முறை கருதத்தக்கது. பின்காவலர் இருவரும் கோலுக்கு முன்னுள்ள நடுப்பகுதியைக் காத்தனர். ஓரங்களுக்குச் செல்லுதல் அவர்தம் தொழிலன்று. எதிரணியின் ஓர ஆட்டக்காரரைத் தடுக்கும் பொறுப்புப் பெரும்பாலும் பக்க இடைநிலையர் இருவரையும் சார்ந்தது. முன்னணியில், ஓரத்தில் நிற்போர் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிப் பந்தைக் கோலுக்கு முன்னே தூக்கி உதைத்தனர். நடு முன்னணியர் அதனைக் கோலாக்கினார். அவர்க்கு இருபுறமும் நின்ற உட்புற முன்னணியர் அவ்விருசாராரையும் இணைத்தனர். இவர்கள் யாவர்க்கும் மையமாக நின்றவரே சென்ரர் ஹாவ். அவர்க்கு எதிரணி தாக்கும்போது காவல். தன்னணி தாக்கும்போது ஐந்து முன்னணியர்க்கும் பின்னே ஆறாமவராய்த் துணை. பந்து எப்பக்கம் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானித்தவரும் அவரே. மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தின் தலைவர் சார்ளி றொபேட்ஸ் அக்காலச் சென்ரர் ஹாவ்களுட் பெயர்பெற்றவர். குழுவிற் சிறந்த அறிவும் சிறந்த நெஞ்சுரமும் உடையவரையே அந்நிலையில் நிறுத்துவர். நடுவில் நிற்பவர்க்கு ஓய்வில்லை. ஆயினும் அவரளவு சுதந்திரம் வேறெவர்க்கும் இருந்ததில்லை.

கோல் காப்பாளரின் நிலை இக்காலத்திற் சட்டத்தாலேயே வரையறுக்கப்பட்டது. 1891 இற் தண்டனை உதை புகுத்தப்பட்டது. அதனை முன்மொழிந்த அயர்லாந்தின் வில்லியம் மக்கிறம் தாமே ஒரு கோல் காப்பாளராயிருந்தார் என்பது வியப்புக்குரியது. 1909 முதல் கோல் காப்பாளர் வேறு நிறச் சட்டை அணிந்தனர். 1912 வரை அவர் தம் பாதி மைதானத்தில் எங்கும் பந்தைக் கையாற் தொடலாம். வேல்ஸ் நாட்டின் லீ றிச்மண்ட் றூஸ் பந்தைத் தட்டித் தட்டி நடுக்கோடு வரை கொண்டுசெல்வார் என்பர். அவ்வாண்டுத் திருத்தம் அவர் கைகளைத் தண்டனை எல்லைக்குள் அடைத்தது. அதன்பின் எண்பது ஆண்டுகளாகக் கோல் காப்பாளர் தம் இடத்தை விட்டு அகலாத காவலாளியாகவே பெரும்பாலும் இருந்தார்.

இனி, முன்னர்க் குறித்த நிகழ்ச்சிக்கு வருவோம். மூவர் இருத்தல் வேண்டும் என்ற ஓவ்சைட் சட்டத்தில் ஒரு சூழ்ச்சி மறைந்திருந்தது. பின்காவலர் இருவருள் ஒருவர் தக்க தருணத்தில் முன்னே நகர்ந்துவிடின், எதிரணி முன்னணியர் அனைவரும் குற்றவாளிகளாகிவிடுவர். மற்றவர் பின்னே நின்று பிழை நேரின் காத்துக்கொள்ளலாம். நியூகாசில் யுனைற்றெட் கழகத்தின் பில் மக்கிறக்கன் இச்சூழ்ச்சியில் வல்லவர். ஏனைய கழகங்களும் அதனைக் கற்றன. ஆட்டம் மைதானத்தின் நடுவேயுள்ள ஒடுங்கிய பகுதியில் அடைபட்டது, மத்தியஸ்தரின் ஊதுகுழலே ஓயாது ஒலித்தது, பார்வையாளர் சலித்தனர். 1925 இல் 'மூவர்' என்பது 'இருவர்' எனத் திருத்தப்பட்டது. ஒரு சொல்லே மாறியது. ஆயின் இங்கிலாந்தின் முதலாம் பிரிவில் 1924–25 இல் 1192 ஆக இருந்த கோல்களின் தொகை, அதே 462 ஆட்டங்களைக் கொண்ட அடுத்த பருவத்தில் 1703 ஆக உயர்ந்தது. பின்காவலர் ஒருவர் முன்னே நகர்ந்து பிழைத்தால், அவர்க்குப் பின்னே இனிக் கோல் காப்பாளரே எஞ்சினார். நடு முன்னணியர்க்கு எதிரே பெரும் வெளி திறந்தது.

அவ்வெளியைக் காண ஆர்செனல் கழகத்துக்கு ஒரு கசப்பான பாடம் வேண்டியிருந்தது. 1925 ஒக்டோபர் 3 இல் நியூகாசிலில் அக்கழகம் 7–0 எனத் தோற்றது. அவ்வாண்டே ஆர்செனலின் பொறுப்பை ஏற்றிருந்த ஹேர்பேட் சாப்மனிடம், சந்தலாந்து கழகத்திலிருந்து புதிதாக வந்திருந்த சார்ளி புக்கன், சென்ரர் ஹாவ் பின்னே செல்லவேண்டும் என வாதாடினார். சென்ரர் ஹாவாக ஆடிய ஜக் பட்லர் இரு பின்காவலர்க்கும் இடையே இறக்கப்பட்டார். அவர் விட்டுச்சென்ற நடுவிடம் வெற்றாகிவிடுமே? அதனை நிரப்ப உட்புற முன்னணியர் ஒருவர் பின்னிழுக்கப்பட்டார். வேகம் குறைந்தவராயினும் பந்தை உடனே அடக்கி இரு கால்களாலும் செவ்வையாகக் கொடுக்கவல்ல அன்டி நீல் அதற்குத் தெரிவானார். அடுத்த ஆட்டத்தில் வெஸ்ற் ஹாம் கழகத்தை அதன் மைதானத்திலேயே ஆர்செனல் 4–0 என வென்றது. வேறு கழகங்கள் சிலவும் அதே காலத்தில் இம்முறையை நாடின. ஆகலின் சாப்மன் ஒருவரே இதனைக் கண்டுபிடித்தார் என்பது மிகை. அதன் விளைவுகளை இறுதிவரை சிந்தித்தவர் அவரே என்பதில் ஐயமில்லை.

ஒருவர் இடம்பெயர்ந்தமையால் எஞ்சியோரும் இடம்பெயர நேர்ந்தது. சென்ரர் ஹாவ் நடுவில் நின்றதால், பின்காவலர் இருவரும் ஓரங்களுக்குச் சென்று எதிரணி ஓர ஆட்டக்காரரைப் பொறுப்பேற்றனர். அப்பொறுப்பினின்று விடுபட்ட பக்க இடைநிலையர் உள்ளே வந்து எதிரணியின் உட்புற முன்னணியரை எதிர்கொண்டனர். உட்புற முன்னணியர் இருவரும் பின்னே தங்கி, காவலையும் தாக்குதலையும் இணைக்கும் பாலமாயினர். மேலிருந்து நோக்கின் ஆங்கில எழுத்துக்களான 'டபிள்யூ'வையும் 'எம்'மையும் அடுக்கியது போன்ற உருவம் அமைந்தது. இவையெல்லாம் ஒரே நாளில் நிகழ்ந்தவையல்ல. சில ஆண்டுகள் சென்றன. 1926 இல் ஆர்செனலுக்கு வந்த ஹேபி றொபேட்ஸ் சென்ரர் ஹாவின் புதிய கடமையை உருவாக்கினார். உயரமும் பொறுமையும் உள்ள அவர் எதிரணி நடு முன்னணியரை விட்டு அகலார். அழகாக ஆட முயலார். பந்து வந்தால் தலையால் முட்டி அப்புறப்படுத்துவார். 'பொலிஸ்காரர்' என அவரை அழைத்தனர். குழுவின் மூளையாக இருந்த நிலை அதன் கதவாயிற்று.

மூளையின் தொழில் எங்கே சென்றது என்பதே முதன்மையான வினா. 1929 இல் சாப்மன் பிறெஸ்ரனிலிருந்து அலெக்ஸ் ஜேம்ஸ் என்னும் ஸ்கொத்லாந்தரைக் கொணர்ந்தார். நீண்ட காற்சட்டை அணிந்து, கோல் அடிப்பவர் என்ற பெயரோடு வந்த ஜேம்ஸ், முன்னே ஓடுவதைக் குறைத்து நடுவே நின்று பந்தை ஏந்துபவராக மாறுதற்குச் சில காலம் இடர்ப்பட்டார். மாறியபின், றொபேட்சும் தோழரும் மீட்ட பந்து அவரிடம் வரும். அங்கிருந்து இரண்டொரு நீண்ட உதைகளில், ஓரத்தில் விரையும் ஹியூமுக்கோ பாஸ்ரினுக்கோ செல்லும். 1932–33 இல், இடப்பக்க ஓரத்தில் நின்ற கிளிவ் பாஸ்ரின் 33 லீக் கோல்களை அடித்தார் என்றால் அவ்வமைப்பின் கூர்மை விளங்கும். 1930 இற் கிண்ணம், 1931 இலும் 1933 இலும் லீக் என ஆர்செனல் வென்றது. 1934 ஜனவரியிற் சாப்மன் இறந்தபின்னரும் வெற்றிகள் தொடர்ந்தன.

இங்கிலாந்து முழுவதும் ஆர்செனலைப் பின்பற்றியது. பின்பற்றியவர்கள் றொபேட்சைக் கண்டார்கள், ஜேம்சைக் காணவில்லை. உயரமும் வலிமையும் உள்ள ஒருவரைப் பின்னே நிறுத்துதல் எக்கழகத்துக்கும் எளிது. நடுவிடத்தின் பழைய சிந்தனைத் தொழிலை ஏற்கவல்ல ஒருவரைத் தேடுதல் அரிது. ஆகவே பல கழகங்களில் அத்தொழில் எவர்க்கும் உரியதன்றி ஒழிந்தது. சாப்மன்மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி அவரைப் பார்த்து ஆடியோர்க்கே உரியது.

இலக்கத்தின் கதை இங்கே வந்து சேர்கிறது. 1928 ஓகஸ்ற் 25 இல் ஆர்செனலும் செல்சியும் இலக்கமிட்ட சட்டைகளோடு லீக் ஆட்டங்களில் இறங்கின. 1933 கிண்ண இறுதியாட்டத்தில் எவேர்ட்டன் 1 முதல் 11 வரையும் மான்செஸ்ரர் சிற்றி 12 முதல் 22 வரையும் அணிந்தன. 1939 இல் லீக் ஆட்டங்களில் இலக்கம் கட்டாயமாயிற்று. கோல் காப்பாளர் 1. பின்காவலர் 2, 3. இடைநிலையர் 4, 5, 6. முன்னணியர் வலமிருந்து இடமாக 7 முதல் 11 வரை. இது கோபுர அமைப்பின் வரிசை. இவ்வரிசை சட்டைகளிற் பொறிக்கப்பட்ட காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பாலான குழுக்களிற் கோபுரம் இடிந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. மூன்றாவது பின்காவலராகிவிட்டவர் 5 ஆம் இலக்கத்தைப் பெற்றார். இடைநிலையரின் பெயரையும் விடாது வைத்துக்கொண்டார். வீடு மாறியவர் பழைய விலாசத்தையே எழுதிவந்தமை போன்றது இது.

பிற நாடுகளிற் சென்ரர் ஹாவ் அவ்வளவு எளிதிற் பின்னே செல்லவில்லை. அவுஸ்திரியாவின் ஹுகோ மெய்சல், இத்தாலியின் வித்தோரியோ பொற்சோ ஆகியோர் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துபவரையே விரும்பினர். பொற்சோ இளமையில் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது மேற்கூறிய சார்ளி றொபேட்சின் ஆட்டத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தவர். 1934 உலகக் கிண்ணத்தை இத்தாலிக்குப் பெற்றுத்தந்த அவர்தம் குழுவில் அந்நிலையை வகித்தவர் லூயிஸ் மொன்றி. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே மொன்றி ஆர்ஜென்ரீனாவுக்காக இறுதியாட்டத்தில் ஆடியிருந்தார். 1950 ஜூலை 16 இல் மரக்கானா மைதானத்திற் பிறேசிலை 2–1 என வென்று உலகை வியப்பித்த உருகுவேயின் தலைவர் ஒப்டூலியோ வரேலாவும் பழைய மரபுச் சென்ரர் ஹாவே. பிலேற் நதிக்கரை நாடுகளில் அந்நிலைக்கு இருந்த மதிப்பை அறிய அவ்வொரு பெயர் போதும்.

இவ்விரு மரபுகளும் வேறொரு வடிவில் மோதியது 1953 நவம்பர் 25 இல், வெம்பிளியில். அதுவரை ஐரோப்பாக் கண்டத்து நாடெதுவும் இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை. முந்திய ஆண்டில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வென்ற ஹங்கேரிக் குழு வந்து இறங்கியது. அதன் 9 ஆம் இலக்கச் சட்டையை அணிந்திருந்தவர் நான்டோர் ஹிடெக்குட்டி. 9 என்றால் நடு முன்னணியர். நடு முன்னணியரைத் தொடர்வது 5 இன் கடமை. இங்கிலாந்தின் 5 ஆம் இலக்கத்தை அணிந்தவர் ஹரி ஜோன்ஸ்ரன்; அவ்வாண்டுக் கிண்ணத்தை வென்ற பிளக்பூல் கழகத்தின் தலைவர். ஆனால் ஹிடெக்குட்டி 9 நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அவர் பின்னே நடுமைதானத்தில் உலாவினார். பயிற்றுநர் குஸ்தாவ் செபெஷ் வகுத்த முறையில் முன்னே கோல் தேடியவர்கள் புஸ்காஸ், கொச்சிஸ் என்னும் உட்புற முன்னணியர் இருவருமே.

ஜோன்ஸ்ரனின் இக்கட்டை நினைத்துப்பார்த்தல் தகும். ஹிடெக்குட்டியைத் தொடர்ந்து முன்னே சென்றால், அவர் விட்ட வாயிலில் புஸ்காஸ் புகுவார். செல்லாது தம்மிடத்தில் நின்றால், அவர் காக்கவேண்டிய ஆள் எவருமின்றி அவர் வெறுமனே நிற்க, ஹிடெக்குட்டி தடையின்றிப் பந்தைப் பெற்று வருவார். இரண்டும் பிழை. முதல் நிமிடத்திலேயே ஹிடெக்குட்டி கோல் அடித்தார்; ஆட்டம் முடியுமுன் மேலும் இரண்டு அடித்தார். புஸ்காஸ் இரண்டு, பொசிக் ஒன்று. ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. அதன்பின் ஜோன்ஸ்ரன் இங்கிலாந்துக்காக ஆடவில்லை. அவரைக் குறைகூறியோர் பலர். ஆயின் அவர் செய்தது தமக்குக் கற்பிக்கப்பட்டதையே: இலக்கத்தைப் பார்த்து ஆளைத் தொடர்தல். கால்நூற்றாண்டாக ஒரு நாடு சென்ரர் ஹாவைச் சிந்தனையினின்று விலக்கி வளர்த்துவிட்டு, அந்த ஒரு பிற்பகலில் அவரிடம் சிந்தனையை எதிர்பார்த்தது. அடுத்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்ற் நகரில் மறுமுறை எதிர்ந்தபோது இங்கிலாந்து வேறொருவரை அந்நிலையில் நிறுத்தியது, முறையை மாற்றவில்லை. ஹங்கேரி 7–1 என வென்றது.

அந்த ஹங்கேரிக் குழுவின் சட்டைகளே ஒரு பாடம். பின்வரிசையில் 2, 3, 4 என ஒழுங்காக நின்றனர். நடுவில் 5 ஆக நின்றவர் பொசிக், ஆட்டத்தை நடத்துபவர். அவருக்குத் துணையான 6 ஆம் இலக்கத்தார் சக்காரியாஷ் அடிக்கடி பின்வரிசைக்கு இறங்கி நாலாமவரானார். கோல் காப்பாளர் குரோசிச் எல்லையை விட்டு வெளியே ஓடிவந்து காலாற் பந்தை அப்புறப்படுத்தினார். அக்காலத்து ஆங்கிலப் பார்வையாளர்க்கு அது துணிச்சலன்று, விபரீதமாகவே தோன்றியிருக்கும்.

நால்வர் பின்வரிசை உலகெங்கும் பரவியது 1958 இற் பிறேசில் சுவீடனில் உலகக் கிண்ணத்தை வென்றபின். இங்கேதான் தொடக்கத்திற் கண்ட இலக்கப் புதிர் அவிழ்கிறது. இங்கிலாந்தில் 5 ஏற்கெனவே பின்னே இருந்தார். நாலாமவராக இடப்பக்க இடைநிலையரான 6 அவரருகே இறங்கினார். ஆகவே 2, 5, 6, 3. ஆர்ஜென்ரீனாவில் 5 நடுவிடத்தை விட்டு அசையவில்லை; அவருடைய இருபுறத்து இடைநிலையரே பின்னே சென்றனர். 4 வலப்பக்க ஓரத்துக்கும் 6 நடுவுக்கும் செல்ல, பழைய பின்காவலரான 2 உள்ளே ஒதுங்கினார். ஆகவே 4, 2, 6, 3. ஒவ்வொரு நாடும் தன் பின்வரிசையில் எவரை எப்போது இறக்கியது என்பதை அச்சட்டைகள் இன்றும் சொல்லுகின்றன. பிறேசில் மட்டும் இவ்வாராய்ச்சிக்கு உதவாது. 1958 இல் அதன் இலக்கங்கள் ஒழுங்கின்றி வழங்கப்பட்டமையால் கோல் காப்பாளர் கில்மார் 3 ஐ அணிந்தார். வலப்பக்கக் கரிஞ்சா 11 ஐயும் இடப்பக்கச் சகாலோ 7 ஐயும் அணிந்தனர். 17 வயதுச் சிறுவன் பெலேயிடம் 10 சேர்ந்ததும் அவ்வாறே.

அக்குழுவிற் கருதத்தக்கவர் சகாலோ. ஓர ஆட்டக்காரர் முன்னேயே நின்று பந்துக்குக் காத்திருப்பது மரபு. சகாலோ பந்து இழக்கப்பட்டதும் நடுவிடத்துக்கு ஓடிவந்தார். அவருக்குப் பின்னே நின்ற பின்காவலர் நில்ற்றன் சந்தோசோ, அவுஸ்திரியாவுக்கெதிராக எதிரணிக் கோல்வரை ஓடிச்சென்று கோலே அடித்தார். முன்னணியர் காவலும், காவலர் தாக்குதலும் செய்தனர். இத்தாலியில் ஹெலேனியோ ஹெரேராவின் இன்ரர் கழகம் 1964, 1965 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது, யாவர்க்கும் பின்னே எவரையும் தொடராது தனித்து நின்று துப்புரவு செய்த பிக்கியைப் பலரும் பேசினர். இடப்புறப் பின்காவலர் பாக்கெற்றி ஓரமெல்லாம் ஓடியதைப் பேசியவர் குறைவு.

வெம்பிளியில் 1953 இல் இங்கிலாந்தின் 2 ஆம் இலக்கப் பின்காவலராக நின்று தண்டனை உதையிற் கோல் அடித்தவர் அல்ப் றம்சே. அவருக்கும் அதுவே இறுதி நாடளாவிய ஆட்டம். பதின்மூன்று ஆண்டுகளின்பின் அதே மைதானத்தில் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் அவரே. அவர் இறுதியாட்டத்தில் ஓர ஆட்டக்காரரை அடியோடு விலக்கினார். போல், பீற்றர்ஸ் போன்றோர் நடுவிலும் ஓரத்திலும் மாறிமாறி உழைத்தனர். முன்வரிசைக்கும் காவலர்க்குமிடையே ஸ்ரைல்ஸ் தனித்து நிறுத்தப்பட்டார். பழைய சென்ரர் ஹாவின் காவற் பாதி ஸ்ரைல்சுக்கும், பகிர்தற் பாதி பொபி சார்ள்ற்றனுக்கும் சென்றது எனலாம். ஒருவர் செய்த தொழிலுக்கு இருவர் வேண்டியிருந்தது.

1974 இல் ஒல்லாந்துக் குழு இலக்கத்தை ஏறக்குறைய நகைப்புக்கிடமாக்கியது. பெயர்களின் அகரவரிசைப்படி இலக்கம் வழங்கியமையால் முன்னணியர் கீல்ஸ் 1 ஐயும் கோல் காப்பாளர் யொங்புளூட் 8 ஐயும் பெற்றனர். யொஹான் குறைவ் மட்டும் விலக்காகத் தமக்குரிய 14 ஐ அணிந்தார். றீனுஸ் மிக்கெல்சின் பயிற்சியில், ஒருவர் தம்மிடத்தை விட்டு முன்னேறினால் அருகிலிருப்பவர் அவ்விடத்தை நிரப்பவேண்டும் என்பதே விதி. கடமை ஆளுக்கன்றி இடத்துக்கு உரியதாயிற்று. இறுதியாட்டத்தில் ஒல்லாந்து 2–1 என மேற்கு ஜேர்மனியிடம் தோற்றது. ஆயின் எதிரணியைச் சேர்ந்த பெக்கன்பவரும் பின்வரிசையினின்று பந்தோடு எழுந்து நடுவிடத்துக்கு வருபவரே.

1992 இல், தன்னணியார் காலால் வேண்டுமென்றே கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுத்தலாகாது எனச் சட்டம் வந்தது. 1912 இல் எல்லைக்குள் அடைக்கப்பட்ட கைகளுக்கு இது இரண்டாவது தளை. குரோசிச்சின் விபரீதம் யாவர்க்கும் கட்டாயப் பாடமாயிற்று. கோல் காப்பாளர் காலாற் பந்தை அடக்கவும் கொடுக்கவும் கற்றார். பின்வரிசையின் நடுவே நிற்போரும் அவரிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தைத் தொடங்குவோர் ஆயினர். பந்தை அப்புறப்படுத்துதலே தொழிலாகக் கொண்ட 'பொலிஸ்காரர்'க்கு வேலை குறைந்தது.

2023 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், மான்செஸ்ரர் சிற்றி கழகத்தின் பயிற்றுநர் பெப் குவார்தியோலா, கட்டார் ஆட்டத்தில் இங்கிலாந்தின் பின்வரிசை நடுவே நின்ற ஜோன் ஸ்ரோன்சைப் புதிய பணியில் அமர்த்தினார். எதிரணியிடம் பந்து இருக்கும்போது அவர் காவலர். தன்னணி பந்தைப் பெற்றதும் பின்வரிசையை விட்டு எழுந்து நடுவிடத்துக்குச் சென்று றொட்றியின் அருகே நின்று பந்தைப் பகிர்வார். அவ்வாண்டு ஜூன் 10 இல் இஸ்தான்புல் நகரில் இன்ரர் கழகத்துக்கு எதிராக ஐரோப்பிய இறுதியாட்டம் நடைபெற்றபோது அவர் இன்னும் முன்னே சென்று ஆடினார். மான்செஸ்ரர் சிற்றி 1–0 என வென்றது. நியூகாசிலில் ஆர்செனல் ஏழு கோல்களால் தோற்று, ஜக் பட்லர் பின்னே இறக்கப்பட்டுத் தொண்ணூற்றேழு ஆண்டுகளும் சில மாதங்களும் சென்றிருந்தன. இஸ்தான்புலில் ஸ்ரோன்ஸ் அணிந்திருந்த சட்டையின் இலக்கம் 5.